கோல் பிடித்த கைக்கு வேறு அறமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிங்கப்பூரில் ஒரு தொகுதியில் வாராவாரம் நடக்கும் மக்களைச் சந்திக்கும் நிகழ்வில் கடிதம் எழுதித் தரும் தொண்டூழியராக இருந்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு வரிசை எண் சீட்டு. நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பதற்கு முன் குடியிருப்பாளர்கள் எங்களிடம் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்வார்கள். எந்தத் துறைக்குப் போக வேண்டுமோ அதற்கேற்ப நாங்கள் கடிதம் தயார் செய்வோம். 1955இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கி வைத்த வழக்கம் இது.

ஒருநாள் இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஒரு அக்கா வந்து உட்கார்ந்தார். வீவக வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். தம்பி வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுக்கிறார்களாம், தாயும் மகனும். "தம்பி, எம்பி ஒரு வார்த்தை சொன்னா கொஞ்சம் முன்னாடி தள்ளிவிட மாட்டாங்களா?" என்று கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

எழுத ஆரம்பித்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை. இந்தக் கடிதம் பலித்தால் இவர் வரிசையில் முன்னே போவார். சரி, பின்னே போவது யார்? அவர் இங்கே வரவில்லை. இரவு வேலைக்குப் போயிருக்கலாம், இப்படியொரு நிகழ்வு நடப்பதே தெரியாதவராகவும் இருக்கலாம். எனக்கு முன்னால் அழுகிறவரிடம் இரக்கம் காட்டினால், கண்ணில் படாத ஒருவரிடமிருந்து எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுக்காரராக நான் அந்த அக்காவுக்கு உதவியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. என் பணம், என் நேரம், என் இரக்கம் என்று போயிருக்கும். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும், அது எவ்வளவு சின்ன மேசையாக இருந்தாலும், கையில் இருப்பது என்னுடையது இல்லை. அரசியல் தத்துவம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. தனி மனிதருக்குச் சொல்லும் அறமும் ஆட்சி செய்கிறவருக்குச் சொல்லும் அறமும் ஒன்றா, வேறா?

இன்று நம் பேச்சில் 'அரசியல்' என்ற சொல் அநேகமாக ஒரு வசவாகிவிட்டது. "எங்க ஆபீஸ்ல ஒரே அரசியல்" என்றால் குழிபறிப்பு என்று பொருள். திருக்குறள் உரையாசிரியர்களோ இறைமாட்சி தொடங்கி 25 அதிகாரங்களுக்கு அரசியல் என்று பெயர் வைத்தார்கள். இன்னும் பின்னே போனால் புறநானூறு, அரசின் வெற்றிக்கு அறநெறியே முதல் என்று பாடுகிறது. அந்த உயரத்திலிருந்து சொல் இவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதென்றால், நடுவில் நாம் எதையோ பார்த்துச் சலித்திருக்கிறோம்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலுக்கு இரண்டும் ஒரே படிப்பு. அறம் பற்றி அவர் எழுதிய நூலின் கடைசிப் பகுதி, சட்டத்தையும் ஆட்சியையும் பேசாமல் இது முடியாது என்று சொல்லி அரசியல் நூலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அந்த அரசியல் நூலிலேயே, நல்ல மனிதனும் நல்ல குடிமகனும் ஒன்றுதானா என்றும் கேட்கிறார். எல்லா நாட்டிலும் இல்லை என்பது அவர் பதில். மோசமான ஆட்சியின் கீழ் நல்ல குடிமகனாக இருப்பவன் மோசமான மனிதனாக ஆகலாம். விரிசல் அங்கேயே தெரிகிறது, ஆனால் அவர் அதைப் பெரிதாக்கவில்லை.

பெரிதாக்கியவர் மாக்கியவெல்லி. இத்தாலியின் புளோரன்ஸ் குடியரசில் பதினான்கு ஆண்டுகள் அரசு அலுவலராக இருந்தவர். தூதராக ஊர் ஊராகப் போய் மன்னர்களையும் போப்பாண்டவர்களையும் நேரில் பார்த்தவர். 1512இல் மெடிச்சி குடும்பம் ஆட்சிக்குத் திரும்பியது. அவர் வேலை போயிற்று. அடுத்த ஆண்டு சதிக் குற்றச்சாட்டில் சிறை, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கி இறக்கும் சித்திரவதை. வெளியே வந்து பண்ணை வீட்டில் முடங்கியிருந்தபோது எழுதியதுதான் 'இளவரசன்'. கையில் அதிகாரம் இல்லாதவர், அதிகாரத்திடம் அடிவாங்கியவர் எழுதிய நூல் அது என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

15ஆம் அத்தியாயத்தில் அவர் சொல்வது இது: நல்லவர்களாக இல்லாத பலர் நடுவே எப்போதும் நல்லவனாகவே இருப்பேன் என்கிறவன் அழிந்து போவான், ஆகவே ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவன் நல்லவனாக இல்லாமல் இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்கவே சங்கடமாக இருக்கும் பேச்சு. ஆனால் அவர் கெட்டதுக்கு நல்ல பெயர் சூட்டவில்லை. கொலை கொலைதான், வாக்கு மீறல் வாக்கு மீறல்தான். கொடுமைகள் செய்து ஆட்சியைப் பிடித்த அகதோக்ளிஸ் என்பவனைப் பற்றிச் சொல்லும்போது, சொந்த ஊர்க்காரர்களைக் கொல்வதையும் நண்பர்களைக் காட்டிக் கொடுப்பதையும் ஆற்றல் என்று சொல்ல முடியாது, அப்படி ஆட்சி கிடைக்கலாம், புகழ் கிடைக்காது என்கிறார். தீமையைத் தீமை என்று தெரிந்தே செய்யச் சொல்வதும், தீமையையே நன்மை என்று பெயர் மாற்றிச் செய்வதும் ஒன்றில்லை. இரண்டாவது இன்னும் பயங்கரம். இருபதாம் நூற்றாண்டில் உலகம் அதைத்தான் அதிகம் பார்த்தது.

மாக்கியவெல்லிக்கு நானூறு ஆண்டுகள் கழித்து, 1919 ஜனவரி 28 அன்று, மியூனிக் நகரில் மாணவர்கள் முன்னால் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பேசினார். ஜெர்மனி போரில் தோற்று, தெருவில் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் அரசுத் தலைவர் கூர்ட் ஐஸ்னர் அடுத்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியலுக்கு வருகிறவன் கையில் எடுப்பது வன்முறை என்ற கருவி, அதை மறைத்துப் பேசாதீர்கள் என்று வேபர் அந்த இளைஞர்களிடம் சொன்னார். கொள்கைக்கு மட்டும் உண்மையாக இருந்துவிட்டு விளைவைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விடுகிறவன் ஒருவகை. இதனால் என்ன நடக்கும், அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பவன் இன்னொரு வகை. வேபர் இரண்டாவது ஆளின் பக்கம் என்று சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். உரையின் கடைசிப் பக்கங்களைப் படித்தால் அப்படி இல்லை. விளைவைக் கணக்குப் போட்டே வந்த முதிர்ந்த மனிதர் ஓரிடத்தில் நின்று, இதற்கு மேல் என்னால் முடியாது என்று சொல்லும்போது தன் மனம் உருகுவதாகச் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் அரசியலுக்கு ஏற்ற ஆள்.

இதுவரை சொன்னது எல்லாமே ஒரு திசையில் போகிறது. வீட்டில் அறம் இறுக்கமானது, ஆட்சியில் அது தளரும், எவ்வளவு தளரலாம் என்பதுதான் சண்டை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னை மாற்றியது பரிமேலழகரின் ஓர் உரைக் குறிப்பு.

வினைத்தூய்மை என்ற அதிகாரத்தில் வரும் குறள் எல்லாருக்கும் தெரியும்.

ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க
சான்றோர் பழிக்கும் வினை.

பெற்ற தாய் பட்டினி கிடப்பதைப் பார்க்க நேர்ந்தாலும் பழிக்கத்தக்கதைச் செய்யாதே. பள்ளிக்கூடத்தில் இதைப் பொதுவான அறிவுரையாகத்தான் படித்தோம். ஆனால் இது பொருட்பாலில், அமைச்சருக்குச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. பரிமேலழகர் இங்கே ஒரு முடிச்சை அவிழ்க்கிறார். வயதான பெற்றோர், மனைவி, குழந்தை ஆகியோர் பசியால் வாடும்போது தீயது செய்தாவது அவர்களைக் காப்பாற்று என்று அறநூல்களில் ஒரு பொது விதி உண்டு. அப்படியிருக்க வள்ளுவர் ஏன் இப்படிச் சொல்கிறார்? அமைச்சர் அரசனின் வேலையைக் கையில் எடுத்தவர், பொருள்நூல் வழி நடப்பவர், பலரால் மதிக்கப்படுபவர். ஆகவே அந்தப் பொது விதி தரும் சலுகை அவருக்குச் சேராது என்கிறார் உரைகாரர்.

மாக்கியவெல்லியின் வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது இது. சாதாரண மனிதனுக்கு ஆபத்துக் காலத்தில் கிடைக்கும் விலக்கு, பதவியில் இருப்பவருக்கு இல்லை. பதவி அறத்தை இறுக்குகிறது! 13ஆம் நூற்றாண்டில் ஓர் உரையாசிரியர் போகிற போக்கில் சொன்ன இந்த வரி, அரசியல் தத்துவ வகுப்புகளில் தனியாக ஒரு நாள் எடுத்துப் பேச வேண்டிய வரி என்பது என் எண்ணம். மாக்கியவெல்லி பேசுவது ஊரைக் காக்க அறத்தை மீறுவது பற்றி. பரிமேலழகர் பேசுவது தன் வீட்டுக்காக மீறுவது பற்றி. இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தனக்காகவும் தன்னவர்களுக்காகவும் மீறும் உரிமை பதவியில் குறைகிறது. ஊருக்காக மீற நேரும் சந்தர்ப்பம் பதவியில் கூடுகிறது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதின் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

கடிதத்துக்கு வருகிறேன். அன்று என் கை நின்ற இடத்தில் குறளுக்குள்ளேயே ஒரு மோதல் இருக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள்:

ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை.

யாராக இருந்தாலும் கண்ணோட்டம், அதாவது இரக்கம், காட்டாமல் ஆராய்ந்து செய்வதே முறை. இரண்டே அதிகாரம் தாண்டினால் கண்ணோட்டம் என்றே ஓர் அதிகாரம் வருகிறது. கண்ணோட்டம் இல்லாத கண் என்ன கண் என்று கேட்கிறது. காட்டாதே என்றும் காட்டு என்றும் ஒரே ஆளுக்கு, ஒரே இயலுக்குள் சொன்னால் எதை எடுத்துக்கொள்வது? 578ஆவது குறள், 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு' உலகமே உரிமை என்கிறது. கடமை கெடாமல் இரக்கம் காட்டத் தெரிந்தவருக்கு. சொல்வது எளிது, எப்படிச் செய்வது என்று குறள் விளக்கவில்லை.

எனக்கு விளங்கியது பக்கத்து மேசையிலிருந்து. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கே நீண்டகாலத் தொண்டூழியர். நான் எழுதாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அந்த அக்காவிடம் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். மகன் எந்தப் பள்ளி, உங்களுக்கு என்ன வேலை, உடம்பு எப்படி? அப்போதுதான், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறேன் என்று அக்கா சொன்னார். அதைப் போய் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். விண்ணப்பத்திலும் எழுதவில்லை. உடல்நிலையை அதிகாரிகள் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும், ஆனால் தெரிந்தால்தானே? "ஐயா, இதுக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று கேட்டார். கடிதத்தில் கெஞ்சல் எதுவும் தேவைப்படவில்லை. மருத்துவச் சான்றிதழை இணைத்து, இருக்கிற நிலைமையை ஆறு வரியில் எழுதினோம். கண்ணோட்டத்தை அந்த ஆசிரியர் விசாரிப்பதில் காட்டினார், தீர்ப்பைச் சாய்ப்பதில் காட்டவில்லை. அவர் வரிசையை வளைக்கவில்லை. வரிசை பார்க்கத் தவறியதைப் பார்க்க வைத்தார்.

'தேர்ந்து' என்ற அந்தச் சொல் நம் இலக்கியத்தில் ஆழமாக ஓடுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் கெட்டவன் இல்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, 'தேரான் ஆகி', விசாரிக்காமல் ஆணையிட்டான், அவ்வளவுதான். கண்ணகி அவையில் நுழைந்ததும் அவனை அழைக்கும் பெயரும் அதுதான்: 'தேரா மன்னா'. கொடியவனே என்றோ பாவியே என்றோ அவள் அழைக்கவில்லை. ஆட்சியாளன் செய்யும் முதல் குற்றம் விசாரிக்காமை என்பது அந்த ஒரு விளியில் இருக்கிறது.

சிங்கப்பூரின் வரலாற்றில் இந்த விளி என்னை அதிகம் தொந்தரவு செய்யும் இடம், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரம். 1963 பிப்ரவரி 2 அன்று நடந்த கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகளும் தொழிற்சங்கத்தினரும் கைது செய்யப்பட்டார்கள். முடிவெடுத்தது பிரிட்டன், சிங்கப்பூர், மலாயா மூன்றும் உட்கார்ந்த உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றம். கம்யூனிஸ்ட் ஆபத்து உண்மையிலேயே அந்த அளவுக்கு இருந்ததா, அரசியல் எதிரிகளை அகற்ற அது சாக்கா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆட்சியின் முதல் வேலை ஒழுங்கையும் பாதுகாப்பையும் நம்பிக்கையையும் நிலைநிறுத்துவது, மற்ற நியாயமெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதினார். அதை நான் மறுக்கவில்லை. 1964 ஜூலை இனக் கலவரத்தைப் பார்த்த தலைமுறைக்கு அது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. ஆனால் அதே வில்லியம்ஸ், யாரை அடக்குகிறாயோ அவருக்கும் சொல்லக்கூடிய நியாயம் உன்னிடம் இருக்க வேண்டும், வலிமையே நியாயமாகிவிடாது என்றும் சொன்னார். நீதிமன்றத்தில் வைத்து விசாரிக்கப்படாத ஒருவருக்கு அந்த நியாயத்தை எங்கே, எப்போது சொல்வது? அவசியம் என்பது செயலுக்குக் காரணமாகலாம். கணக்கை முடித்துவிட்டதாக ஆகாது.

அமெரிக்கத் தத்துவவாதி மைக்கேல் வால்சர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு 'அழுக்குக் கைகள்' என்று பெயரிட்டுப் பேசியது. ஊரைக் காக்க ஒரு தலைவர் தவறான ஒன்றைச் செய்ய நேரலாம். செய்தது சரியான முடிவாகவே இருக்கலாம். அப்போதும் அது தவறாகவே நிற்கும். அந்தத் தலைவர் நல்லவர் என்பதற்கு ஒரே அடையாளம், தன் கை அழுக்கு என்று அவருக்குத் தெரிவதுதான். உறுத்தல் மனத்துக்குள்ளேயே இருந்தால் போதாது, வெளியே ஏதோ ஒரு விலை கொடுக்கப்பட வேண்டும் என்பது வால்சரின் கவலை.

மனுநீதிச் சோழன் கதையைச் சேக்கிழார் சொல்லும்போது, நாம் வழக்கமாக விட்டுவிடும் ஒருவர் அதில் இருக்கிறார். கன்றைக் கொன்ற இளவரசன் மேல் தேரை ஏற்றும்படி அரசன் முதலில் ஆணையிட்டது ஓர் அமைச்சரிடம். அவரால் செய்ய முடியவில்லை. மறுக்கவும் முடியவில்லை. விலகிப் போய்த் தன் உயிரை விட்டார். அதற்குப் பிறகுதான் அரசனே தேரை ஓட்டினான். அரசனின் நீதியைப் புகழும் நாம் அந்த அமைச்சரை நினைப்பதில்லை. அறத்துக்கும் ஆணைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் அரசு ஊழியரின் நிலையை அவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அழுக்கான வேலையைக் கீழே தள்ளிவிட்டால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று அரசன் அன்றுதான் தெரிந்துகொண்டிருப்பான்.

பணத்துக்கு வருவோம். கொடுங்கோன்மை அதிகாரத்தில், கோலொடு நிற்கும் அரசன் குடிகளிடம் ஒன்றைக் கேட்பது, வேலொடு நிற்கும் கள்வன் 'கொடு' என்பதைப் போன்றது என்று ஒரு குறள். மிரட்டத் தேவையில்லை, கோல் கையில் இருப்பதே மிரட்டல். சிங்கப்பூர்க் குற்றவியல் சட்டத்தின் 165ஆவது பிரிவு ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. பொதுப்பணியாளர் ஒருவர் தன் அலுவலோடு தொடர்புள்ளவரிடமிருந்து விலை கொடுக்காமல் மதிப்புள்ள பொருளைப் பெற்றால் குற்றம். பதிலுக்கு என்ன சலுகை செய்தார் என்று காட்டத் தேவையில்லை. 2024 அக்டோபரில் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது பெரும்பாலும் இந்தப் பிரிவின் கீழ்தான். அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம், நீதிபதி அதற்கும் மேலே போனார். நண்பர் கொடுத்த பரிசுதானே என்று தேக்காவில் காப்பிக் கடையில் சிலர் வருத்தத்தோடு பேசியதைக் கேட்டேன். நம்மில் ஒருவர் என்ற வலி அதில் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் கோலொடு நிற்பவருக்கு அந்த மேசையில் நண்பர் என்று ஒருவர் இருக்க முடியுமா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. பரிமேலழகர் சொன்ன அதே இறுக்கம்.

அமைச்சர்களின் சம்பளமும் இதே கேள்வியின் இன்னொரு முகம். வேபர் அதே உரையில், அரசியலுக்காக வாழ்கிறவர், அரசியலால் வாழ்கிறவர் என்று பிரித்தார். சொத்து இல்லாதவரும் அரசியலுக்கு வர வேண்டுமென்றால் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். இங்கே 1994 வெள்ளை அறிக்கை தனியார் துறை வருமானத்தோடு அமைச்சர் சம்பளத்தை இணைத்தது. மக்களிடம் முணுமுணுப்பு ஏறி, 2012இல் கணக்கு மாறியது. அதிகம் சம்பாதிக்கும் 1,000 குடிமக்களின் நடு வருமானத்தை எடுத்து, அதிலிருந்து 40 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். கழிவுக்குச் சொல்லப்பட்ட காரணம், பொதுச்சேவை என்றால் தியாகம் உண்டு என்பது. ஓர் அறத்துக்கு இவ்வளவு துல்லியமாக எண் போட்டுப் பார்த்த நாடு வேறு உண்டா தெரியவில்லை. தொகை அதிகம் என்று நினைப்பவர்கள்கூட, அந்த 40ஐ ஏன் கழிக்கிறோம் என்று எழுதி வைத்திருப்பது முக்கியம் என்பதை ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். எழுதி வைத்ததால்தான் அது போதுமா என்று வாதாட முடிகிறது.

நல்லவர்களைத் தேடிப் பிடிப்பதா, கெட்டவர் வந்தாலும் தாங்கும் பூட்டைப் போடுவதா? 1991இல் வந்த பகிரப்பட்ட விழுமியங்கள் பற்றிய வெள்ளை அறிக்கை, மக்களின் நம்பிக்கையைப் பெற்ற மேன்மக்களின் ஆட்சி என்ற கன்பூசியச் சிந்தனை, ஆட்சிக்கு முடிந்தவரை குறைந்த அதிகாரமே தர வேண்டும் என்ற மேற்கத்திய எண்ணத்தைவிட நமக்குப் பொருந்தும் என்றது. அதே ஆண்டு அரசியல் சாசனம் திருத்தப்பட்டு, நாடு சேர்த்து வைத்த இருப்புநிதிக்கு இரண்டாவது சாவியை வைத்திருக்கும், மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபர் பதவியும் வந்தது. மேன்மக்களை நம்பு, பெட்டியைப் பூட்டியும் வை. அரசமைப்பை வகுக்கும்போது எல்லாரும் அயோக்கியர்கள் என்று வைத்துக்கொண்டே வகுக்க வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதியிருந்தார். முரண்பாடு போலத் தெரிந்தாலும் எனக்கு இது சரியாகவே படுகிறது. வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான், இருந்தாலும் வாசல் கதவைச் சாத்தாமல் யாரும் தூங்குவதில்லை.

நல்ல நோக்கத்துக்காகச் சொல்லும் பொய்? குற்றமற்ற நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையோடு சேர்ந்தது என்று குறளே இடம் கொடுக்கிறது. 2021 ஆகஸ்ட் 3 அன்று செங்காங் குழுத்தொகுதியின் அப்போதைய உறுப்பினர் ரயீசா கான், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவரோடு காவல் நிலையத்துக்குத் தான் போனதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பேசிய பேச்சு அது. நவம்பர் 1 அன்று, தான் போகவில்லை என்று அதே மன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மாத முடிவிலேயே பதவி விலகினார். இந்த இடத்தில் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1795இல் சொன்ன சோதனை எனக்கு உதவுகிறது. பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் கொள்கையை வெளியே அறிவிக்க முடியாது என்றால் அது நியாயமற்றது. 'நல்ல காரியத்துக்காக மன்றத்தில் பொய் சொல்வேன்' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு யாராவது பேச முடியுமா? அறிவித்த நொடியில் அடுத்து அவர் சொல்லும் உண்மையும் செத்துவிடும். உண்மையில் காவல் நிலையப் படி ஏறித் திரும்பிய பெண்களின் சொல்லும் சேர்ந்து பலவீனப்படும். வீட்டில் நோயாளியிடம் சொல்லும் ஆறுதல் பொய்க்கும் இதற்கும் உள்ள தூரம், மறுபடியும், அந்த மேசைதான்.

இதையெல்லாம் யோசிக்கும்போது நான் திரும்பத் திரும்பப் போகும் உதாரணம் சூதாட்டக்கூடம். பொருட்பாலில் சூது என்று ஓர் அதிகாரமே உண்டு. வென்றாலும் வேண்டாம், அந்த வெற்றி தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதைப் போன்றது என்று அது தொடங்குகிறது. சிங்கப்பூர் அரசு பல பத்தாண்டுகள் சூதாட்டக்கூடம் வேண்டாம் என்றே இருந்தது. ஆனால் சூதாட்டமே இல்லாத ஊராக இருந்ததில்லை. கள்ளச் சூதாட்டத்தை ஒடுக்குவதற்காகவே 1968இல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு லாட்டரி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றும் அதன் டோட்டோ லாட்டரியில் பரிசுத்தொகை ஏறிய நாளில் புளோக்கைச் சுற்றி வரிசை நிற்கிறது.

2005 ஏப்ரல் 18 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், சூதாட்டக்கூடத்தோடு கூடிய இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களுக்கு அனுமதி தருவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சுற்றுப்பயணிகள், வேலைவாய்ப்பு, போட்டி நகரங்கள் என்று காரணங்கள் இருந்தன. சமய அமைப்புகள் எதிர்த்தன. நீண்டகாலம் எதிர்த்து வந்த முதல் பிரதமர் லீ குவான் யூவே மனம் மாறியிருந்தார். மாக்கியவெல்லியின் இருட்டு எதுவும் இதில் இல்லை. யாரும் கொல்லப்படவில்லை, எல்லாம் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது. ஆனாலும் அரசு தெரிந்தே ஒரு தீங்குக்குக் கதவு திறந்தது. சில குடும்பங்கள் உடையும் என்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து அவர்கள் செய்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒருநாளுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019இல் அது 150 ஆனது. வெளிநாட்டவருக்குக் கட்டணமே இல்லை. அந்தப் பணம் அரசின் பொதுச் செலவுக்குப் போகாமல் டோட் போர்டு என்ற அரசு வாரியம் வழியாகச் சமூக, அறப் பணிகளுக்குப் போகிறது. பிரச்சினைச் சூதாட்டத்துக்காகத் தேசிய மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. குடும்பத்தினர் விண்ணப்பித்தால் விசாரித்து, ஒருவரைக் கூடத்துக்குள் விடாமல் தடுக்கும் ஆணையும் உண்டு. இதைப் பொருளாதார ஏற்பாடு என்று படிக்கலாம். நான் ஒரு வாக்குமூலமாகப் படிக்கிறேன். இது தீங்கு என்று எங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் செய்கிறோம் என்று அந்த 150 வெள்ளி சொல்கிறது. வால்சர் கேட்ட வெளியே தெரியும் விலை என்பது இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றும். இன்னொரு நாள், விலையைக் கொடுப்பது முடிவெடுத்தவர்கள் இல்லையே, உள்ளே போகிற டாக்சி ஓட்டுநர்தானே என்றும் தோன்றும். இரண்டையும் நான் இன்னும் சமாதானப்படுத்தவில்லை.

போன வருடம் எங்கள் மாடியில் இருக்கும் ஓர் அம்மா அந்தத் தடை ஆணைக்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கணவருக்காக. சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். மூன்றாவது பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு, "அவங்களே தொறந்து விடுவாங்க, நாம எழுதிக் கொடுத்தா அவங்களே மூடுவாங்களா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம்மா என்றேன். கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.